மழை நாளில் திருவனந்தபுரத்தில் குழந்தைகளையும் பெரியவரையும் எங்கே அழைத்துச் செல்வது?

குழித்துறைப்பெண்:

அனைவருக்கும் வணக்கம். குழித்துறையில் பிறந்து வளர்ந்த நான், கணவரின் வேலை மாற்றத்தால் இப்போது கழக்கூட்டத்தை அடுத்த ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளும், இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகனும், நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமியாரும் வீட்டில் இருக்கிறார்கள். வெயில் நாட்களில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சங்குமுகம், வேளி, மிருகக்காட்சிசாலை என்று விடுமுறைப் பொழுது நன்றாகவே கழிந்துவிடும். இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால்தான் திண்டாட்டம். நான்கு சுவருக்குள் இரண்டு பிள்ளைகளும் கைபேசிக்காக அடித்துக்கொள்ள, மாமியார் சன்னலருகே அமர்ந்து, ஊரில் என்றால் திண்ணையிலாவது உட்கார்ந்திருக்கலாமே என்று பெருமூச்சு விடுகிறார்.

பேரங்காடிக்குப் போய்ப் பார்த்தோம். நனைந்த உடையோடு குளிரூட்டிய கூடத்தில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. விளையாட்டுக் கூடத்தில் அட்டையைத் தேய்க்கத் தேய்க்கப் பணம் கரைந்ததே தவிர, வீடு திரும்பிய பிறகு அங்கே பார்த்ததைப் பற்றிப் பேச ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. ஆகவே, பேரங்காடியையும் திரையரங்கையும் விட்டு, கூரைக்குக் கீழே பயனுள்ள வகையில் பொழுதைக் கழிக்க நகரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று இங்குள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. படிகள் அதிகம் ஏற இயலாது. பிள்ளைகளுக்கு மலையாளம் நன்றாகப் புரியும் என்பதால் மொழி ஒரு தடையில்லை. வெளியே போகவே முடியாத நாளில் வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கரமனைவாசி:

சகோதரிக்கு வணக்கம். இந்த நகரத்தில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். மழை நாளில் வெளியே கிளம்புகிறவர்கள் ஒரே நாளில் நான்கைந்து இடங்களைப் பார்த்துவிட ஆசைப்படுவார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் நடுவே குடையை விரிப்பதும் மடக்குவதும், ஆட்டோவுக்குக் காத்திருப்பதும், செருப்பில் சேறு ஏறுவதுமாகப் பாதி நாள் போய்விடும். ஒரே வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே பொறுமையாக இருந்துவிட்டு வருவதுதான் நல்லது. அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு, மிருகக்காட்சிசாலை இருக்கும் அதே மியூசியம் வளாகம். மழையில் விலங்குகளை மறந்துவிட்டு, நேராக நேப்பியர் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள்.

1880இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர், சென்னையில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய அதே ராபர்ட் சிஷோம். அன்றைய சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். மின்விசிறி வருவதற்கு முன்பே காற்று தானாக உலவும்படி அமைத்த உயரமான கூரையும், உட்சுவர்களில் பட்டை பட்டையாகத் தீட்டிய வண்ணங்களும் பிள்ளைகளின் கண்ணை முதலில் இழுக்கும். உள்ளே செப்புத் திருமேனிகளும், தந்தத்தில் செதுக்கிய வேலைப்பாடுகளும், ஒரு மரத்தேரும் இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடவேண்டாம். மகளின் கையில் குறிப்பேடும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு திருமேனியை எடுத்துக்கொண்டு, எந்தக் கையில் என்ன இருக்கிறது, எந்த விரல் மடங்கியிருக்கிறது என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் போனதே தெரியாது. பாட்டியும் அருகே நின்று கதை சொல்லிவிடுவார்.

அடுத்து ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம். 1935இல் திறந்த இக்கூடத்தில் ரஷ்யரான நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலை ஓவியங்கள் இருக்கின்றன. மழை நாளின் மங்கிய பகலில் அந்த நீலங்களைப் பார்ப்பதே தனி அனுபவம் என்பது என் கருத்து. கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களுக்கென்று அதே வளாகத்தில் அண்மையில் தனிக் கட்டடமும் வந்துவிட்டது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அங்கேயே உண்டு. இரண்டாம் வகுப்புப் பையனுக்கு ஓவியத்தை விட எலும்புக்கூடுகள்தான் பிடிக்கும். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பாறசாலைப் பயணி:

கரமனை அண்ணாச்சி சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஒரே வளாகம் என்று சொல்லுகிறாரே தவிர, அருங்காட்சியகத்திலிருந்து ஓவியக் கூடத்துக்குப் போகவேண்டுமென்றால் தோட்டத்து நடைபாதையில் திறந்த வானத்தின் கீழ்தான் நடக்கவேண்டும். தூறலில் அது இனிமையான நடை. அடைமழையில், அதுவும் முழங்கால் வலி உள்ள பெரியவரோடு, அது சரிப்படாது. நான் கிழக்கேகோட்டையைச் சொல்வேன்.

பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி இருக்கும் குதிரமாளிகையைப் பல முறை கடந்து போயிருப்பீர்கள். உள்ளே போயிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய இந்த அரண்மனையின் கூரைவிளிம்பைத் தாங்கும் மரக்குதிரைகள் 122. இந்தக் குதிரைகளைப் பார்க்க மழை நாளைவிடப் பொருத்தமான நாள் கிடையாது என்று நான் சொன்னால் என் வீட்டார் சிரிக்கிறார்கள். ஆனால் ஓட்டு விளிம்பிலிருந்து நீர் கம்பி கம்பியாக இறங்க, அதற்கு ஓரடி உள்ளே நனையாமல் முன்காலைத் தூக்கியபடி வரிசையாக நிற்கும் குதிரைகளை அண்ணாந்து பார்த்த என் மகன், வீடு வந்து சேரும் வரை வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. 1846இல் மன்னர் மறைந்த பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்த மாளிகை அது. உள்ளே தந்தத்திலும் பளிங்குக் கண்ணாடியிலும் செய்த சிம்மாசனங்கள் இருக்கின்றன. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி, நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தமிழிலேயே விளக்கினார். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கவேண்டும் என்பதால், ஈரக்காலைத் துடைக்க ஒரு துண்டு கொண்டுபோங்கள். தரை வழுவழுப்பாக இருக்கும்; பாட்டியின் கையை விடாதீர்கள்.

வெளியே வரும்போது மணி நிறைவடையும் நேரமாகப் பார்த்து வாருங்கள். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே உயரத்தில் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. தாடி வைத்த ஒரு முகம். அதன் இரு கன்னங்களுக்கும் அருகே ஒவ்வோர் ஆட்டுக்கடா. மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்க, கடாக்கள் இரண்டும் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டும். பன்னிரண்டு மணிக்குப் போனால் பன்னிரண்டு முட்டு. ஒரு மணிக்குப் போனால் ஒன்றோடு முடிந்துவிடும், பிள்ளைகள் உங்களைத்தான் திட்டுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த இயந்திரம் இன்னும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று மகளுக்குச் சொல்லுங்கள். பற்சக்கரம் எப்படி இயங்குகிறது என்ற கேள்வி தானாகப் பிறக்கும்.

பசித்தால் தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய இந்தியன் காப்பி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் எழுப்பிய அந்தக் கட்டடம், நடுவே ஒரு வட்டத் தண்டும் அதைச் சுற்றி ஏறும் சாய்தளமுமாக அமைந்தது. சாய்தளத்தின் ஓரத்தில் சுவரோடு சேர்த்தே மேசையும் இருக்கையும் கட்டியிருக்கிறார்கள். சுவரின் துளைகள் வழியே சாலையில் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டு பீட்ரூட் மசாலா வைத்த தோசையைச் சாப்பிடலாம். உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பழகிய நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பாட்டிக்குக் கீழ்த்தளத்திலேயே இடம் பிடித்துவிடுங்கள். பிள்ளைகள் உச்சி வரை ஒரு சுற்று ஏறிவிட்டு வரட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடை தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில்தான் போகிறது. பலத்த மழை விடாமல் பெய்தால் அந்தப் பகுதிச் சாலைகளில் நீர் தேங்கிவிடும். ஆகவே காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருக்கும் நாளில் இந்தத் திட்டத்தை எடுக்கவேண்டாம்.

தக்கலை ஓய்வாசிரியர்:

மகளே, மேலே இருவரும் நல்ல இடங்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அன்றைய மழை எப்படிப்பட்ட மழை என்பதை இருவரும் முதலில் கேட்டிருக்கவேண்டும். வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கும்போது மஞ்சள், 115.6க்கு மேல் என்றால் ஆரஞ்சு, 204.4ஐத் தாண்டும் என்றால் சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் நாளில் தாராளமாகக் கிளம்பலாம். ஆரஞ்சு என்றால் யோசிக்கவேண்டும். சிவப்பு என்றால், மாவட்ட ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பதே பிள்ளைகள் சாலையில் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். கிடைத்த விடுமுறையைக் கொண்டாட ஊர்சுற்றக் கிளம்புவது அந்த ஏற்பாட்டையே பாழாக்குவதாகும். இன்னொன்று: இடவப்பாதி மழைக்கு நேரம் காலம் கிடையாது, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். ஆகவே ஐப்பசி மாதத்தில் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற கணக்கில் திட்டமிடுங்கள்.

வீட்டுக்குள் செய்வதற்கு வருகிறேன். உங்கள் மாமியார் நாகர்கோவில்காரர் என்கிறீர்கள். பல்லாங்குழி அவருக்குத் தெரியாமல் இருக்காது. அன்றைய பொழுதை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் அடுக்களையைப் பார்க்கலாம். பலகை இல்லையென்றால், முட்டை அடுக்கும் அட்டைகளை வெட்டி ஒட்டி, ஏழு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள் அமைத்துக்கொண்டால் போதும். குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டையோ மஞ்சாடி விதையோ போட்டு ஆரம்பிக்கலாம். குன்றிமணி மட்டும் வேண்டாம். அழகாக இருந்தாலும் அதன் பருப்பு நஞ்சு, சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக் கடித்துவிட்டால் ஆபத்து. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வதும், வெற்றுக் குழி வந்தால் துடைத்துவிட்டு அடுத்த குழியை வாருவதும் உங்களுக்கே தெரியும். எந்தக் குழியில் தொடங்கினால் கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பழக்கம், பையனுக்கு எந்தக் கணக்கு வகுப்பும் தராத பயிற்சி.

மகளுக்கு ஆடுபுலி ஆட்டம் பொருந்தும். புலி மூன்று, ஆடு பதினைந்து, கட்டத்தில் 23 புள்ளிகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். எல்லாம் இறங்கும் வரை இறங்கிய ஆடு நகரக்கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. அடுத்த புள்ளியில் ஆடு இருந்து அதற்கப்பால் இடம் காலியாக இருந்தால், தாவி அந்த ஆட்டை வெட்டிவிடும். புலிகள் மூன்றும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆடு வென்றது. முதலில் ஆடும் பிள்ளைகள் எல்லோரும் புலியைத்தான் கேட்பார்கள். ஆட்டின் பக்கம் ஆடுவதில்தான் மூளைக்கு வேலை இருக்கிறது என்று சில ஆட்டங்களுக்குப் பிறகே புரியும். தரையில் சுண்ணக்கட்டியால் வரைவதற்குப் பதில் பெரிய அட்டையில் வரைந்து மேசைமேல் வைத்தால், மாமியார் முழங்காலை மடக்காமல் நாற்காலியில் அமர்ந்தே ஆடலாம்.

மழையையே பாடமாக்குவதும் எளிது. ஒரே அகலமாக நேராக இருக்கும் பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் உள்ளே செருகுங்கள். போத்தலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால், நேரான பகுதி தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி, அங்கே கோடு போட்டு அதைச் சுழியமாகக் கொள்ளவேண்டும். அளவுகோலை வெளிப்புறத்தில் ஒட்டிவிட்டால் மழைமானி தயார். பால்கனியில் வைத்தால் பாதி மழைதான் விழும். பெரியவர் ஒருவர் போய் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு வரட்டும். இடி இடிக்கும்போது யாரும் மாடிக்குப் போகக்கூடாது. வானிலைத் துறையின் நாள் காலை 8.30 மணியோடு முடிகிறது. பிள்ளைகளும் அதே நேரத்தில் அளந்து, நாட்காட்டியில் எழுதிவைத்து, அறிவித்த நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடியில் எத்தனை குடம் விழுந்தது என்று கணக்கிட மகளால் முடியும். இதே நகரத்தில் 1837இல் சுவாதித் திருநாள் வானாய்வுக் கூடம் ஒன்றை நிறுவி, கால்டிகாட் என்ற ஆங்கிலேயரை அதன் பொறுப்பில் வைத்தார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். விண்மீன்களோடு வானிலையையும் அங்கே குறித்துவந்தார்கள்.

குழித்துறைப்பெண்:

அனைவருக்கும் நன்றி. முட்டை அட்டையில் பல்லாங்குழி என்று படித்துக் காட்டியதும் மாமியார் எழுந்து போய்ப் புளியங்கொட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அவரை எங்கேயும் நடக்கவிடாமல், ஓரிடத்தில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும்படி நகரத்துக்குள் ஏதாவது உண்டா? விடுமுறைக்குக் குழித்துறையில் அம்மா வீட்டுக்குப் போகும்போதும் மழைதான்; அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாமா?

பாளையம் வாசகி:

உட்கார்ந்தே இருக்க வேண்டுமென்றால் கோளரங்கத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது, அக்கா? பிஎம்ஜி சந்திப்பு அருகே, அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியக வளாகத்தில் பிரியதர்சினி கோளரங்கம் இருக்கிறது. சாய்ந்த இருக்கையில் அமர்ந்து குவிமாடத்தைப் பார்த்தால் போதும். மேகம் மூடிய நாளில் விண்மீன்களைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. காட்சிகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. போகும் முன் காட்சி நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் காட்சி தொடங்கிவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரும். அறிவியல் கூடத்தில் பொத்தானை அழுத்தி இயக்கிப் பார்க்கும் கருவிகள் பையனை இழுத்துக்கொள்ளும்.

நான் அதிகம் போவது பாளையத்திலுள்ள மாநில மைய நூலகத்துக்கு. 1829இல் தொடங்கிய இந்த நூலகத்தில் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழ் நூல்களும் இருக்கின்றன. மாமியாருக்கு ஒரு நாவலை எடுத்துக் கொடுத்து அமர வைத்துவிட்டால், பிள்ளைகளைக் குழந்தைகள் பிரிவில் விட்டுவிட்டு நீங்களும் சற்று மூச்சு விடலாம். ஆனால் உரக்கப் பேசாமல் இருக்கவேண்டிய இடம் என்பதை இரண்டாம் வகுப்புக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் தம்பி மகனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால், மழை விடாத வாரத்துக்கு வேண்டிய புத்தகங்களை வீட்டுக்கே எடுத்துப்போகலாம்.

தக்கலை ஓய்வாசிரியர்:

பத்மநாபபுரம் எங்கள் ஊரை ஒட்டியது என்பதால் நான் பதில் சொல்கிறேன். 1956இல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான், திங்கட்கிழமை திறப்பதில்லை. பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மழைக்கால இடம் எனக்குத் தெரியாது. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பதித்திருக்கும் வண்ண அபிரகத்தின் (மைக்கா) வழியே மழை வெளிச்சம் உள்ளே விழும். கருமையாக மின்னும் தரையில் தங்கள் முகத்தைத் தேடிப் பிள்ளைகள் குனிவார்கள். ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்களில் இருக்கிறது. ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடத்துக்கு அநேகமாகக் கூரைக்குள்ளேயே நடந்து போய்விடலாம் என்பதால் பாறசாலைத் தம்பியின் மறுப்புக்கும் இங்கே இடமில்லை.

ஆனால் மாமியாரை அழைத்துப்போகவேண்டாம். மாடிப்படிகள் குறுகலும் செங்குத்துமானவை, வாசல் நிலைகள் தாழ்வானவை, மழை நாளில் உள்ளறைகளில் இருட்டும் அதிகம். போன வழியே திரும்பி வரவும் விடமாட்டார்கள். அவரை உங்கள் அம்மாவோடு வீட்டில் விட்டுவிடுங்கள். சம்பந்திகள் இருவருக்கும் பேச எவ்வளவோ இருக்கும்.

கரமனைவாசி:

பாறசாலைத் தம்பியின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன்; அடைமழையில் அந்த நடைபாதை சரிப்படாதுதான். இருந்தாலும் அவருடைய குதிரமாளிகையிலும் மாடிப்படி உண்டு, ஈரத்தரை உண்டு என்பதைச் சகோதரி கவனிக்கவேண்டும். மாமியாரும் உடன் வருகிற நாளென்றால் கோளரங்கம் அல்லது நூலகம். பிள்ளைகள் மட்டும் என்றால் கிழக்கேகோட்டை. தூறல் மட்டும் இருந்தால் நேப்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரமாளிகைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அன்று மழை பிடித்துக்கொண்டால் முட்டை அட்டைதான்.